ஆறு மணிச் சிலைகள்

கட்டிய புருஷனே விசில் ஊதி என்னை என் வீட்டிலிருந்து வெளியே அனுப்பினார் என்றால் யாராவது நம்புவார்களா? அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. பாதி மடித்த சட்டை மேசையில் கிடந்தது. மனுஷர் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றுகொண்டு, "பூங்கா மூடுற நேரமாச்சு, எல்லாரும் வெளிய வாங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் யாருன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது. பார்வையாளர்."

இருங்கள். கோபத்தில் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் தெரு ஒரு பழைய பூங்காவை ஒட்டி இருக்கிறது. நடுவில் ஓர் இரும்பு வேலி, அவ்வளவுதான். ஒரு காலத்தில் யாரோ ஒரு பெரிய பணக்காரர், தன் குதிரை காலாற நடப்பதற்காக இந்தப் பூங்காவை உண்டாக்கினாராம். குதிரைக்கு வெயில் ஆகாது என்று மரம் வைத்தார். தாகம் எடுக்குமே என்று குளம் வெட்டினார். மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே என்று வேலிக்கு வெளியே வரிசையாக வீடு கட்டினார். அந்த வரிசைதான் எங்கள் தெரு. ஆக, குதிரைக்காக மரம், மரத்துக்காக மனுஷன். குதிரை செத்ததும் அதற்குச் சிலை வைத்தார். மேலே ஆள் கிடையாது, வெறும் குதிரை. வைத்தவர் பேர் இன்று ஒருவருக்கும் நினைவில்லை, குதிரை மட்டும் ஜம்மென்று நிற்கிறது. இதெல்லாம் எங்கள் மாடியில் குடியிருக்கும் வாத்தியார் சொன்னது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். போன வருஷம் சொன்னபோது அது குதிரை இல்லை, கோவேறு கழுதை என்றார். கேட்டால், ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்பார்.

பிறகு தெருக்கோடியில் பொத்தான் தொழிற்சாலை வந்தது, கொஞ்ச காலம் ஜேஜே என்று இருந்தது, அப்புறம் இழுத்து மூடினார்கள். வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நான் கல்யாணமாகி வந்தது அந்த லட்சணத்தில்தான். ஆட்டோக்காரர் எங்கள் தெருப் பேரைக் கேட்டாலே, "அந்தப் பக்கமா? முக்குல இறங்கிக்கங்க" என்பார். பூங்கா புதர் மண்டிக் கிடந்தது. உடைந்த நாற்காலி, ஓட்டை வாளி எல்லாவற்றையும் வேலிக்கு மேலே வீசிவிட்டுப் போவார்கள். அந்தப் பூங்காவுக்குத்தான் எங்கள் வீட்டுக்காரர் காவலாளி. வேறு யாரும் வர மாட்டேன் என்ற வேலை. இவர் என்னவோ அரண்மனையைக் கட்டிக்காக்கிற மாதிரி ஏற்றுக்கொண்டார்.

தனி ஆளாகப் புதரை வெட்டினார். பின்மூலையில் ஒரு பெரிய மரம், பாதி பட்டுப்போய் நின்றது. அதற்குக் குளத்திலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். எனக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கித் தந்த மனுஷர் இல்லை. வயிறு எரியுமா எரியாதா? மரம் துளிர்த்த அன்று வீட்டுக்கு வந்து, "துளிர்த்துடுச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கு அவர் என்னிடம் பேசியது மொத்தமே அதுதான்.

வாசலில் விதிப் பலகை ஒன்று உண்டு. புல்லில் நடக்கக் கூடாது, வேலிக்கு மேலே பொருள் கொடுத்து வாங்கக் கூடாது, மாலை ஆறு மணிக்குமேல் உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்று நீளமாகப் போகும். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேலி. கை நீட்டினால் அவர். ஆனால் மத்தியானச் சாப்பாட்டை நான் தெரு முழுக்கச் சுற்றி வாசல் வழியாகத்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "யாரு பார்க்கப் போறா?" என்று கேட்டேன். "நான் பார்ப்பேனே" என்றார். இந்த மனுஷரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

வீட்டில் இப்படி வாயைத் தைத்து வைத்திருக்கிறவர் குதிரையிடம் பேசுவார். அதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். தினமும் மாலை துணியை எடுத்துக்கொண்டு போய்ச் சிலையைத் தூசி தட்டுவார். தட்டும்போது ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் அதன் காதில் போடுவார். என் தம்பிக்கு வெல்டிங் பட்டறையில் கையில் காயம்பட்டதைக்கூட அது எனக்கு முன்னால் தெரிந்துகொண்டது.

இப்படி இருக்கையில்தான் எங்கள் பூங்கா சரித்திரப் புகழ் பெற்றது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். வேலியில் பளபளவென்று ஒரு தகடு வந்தது. 'பாரம்பரிய வேலி. நகர்த்த முடியாதது. சாயக் கூடாது.' அப்புறம் பார்க்க வேண்டுமே! காப்பிக் கடைகள் முளைத்தன. சுவர்களில் ஓவியம் வரைந்தார்கள். பொத்தான் தொழிற்சாலையில் உடைந்த மாதிரியே செய்த புது நாற்காலிகளை விற்றார்கள். நாங்கள் தூக்கிப் போட்ட நாற்காலிகளை எடுத்து வைத்திருந்தால் இன்று நாங்கள் எங்கேயோ போயிருப்போம். ஆட்டோக்காரர்கள் வாசல் வரைக்கும் வந்து, "இன்னும் உள்ள போகணுமாங்க?" என்று கேட்டார்கள்.

ஒருநாள் தலையில் மஞ்சள் தொப்பியோடு ஓர் அதிகாரியம்மா வந்தார். பகுதிக்குப் புத்துயிர் கொடுக்கும் திட்டத்துக்குத் தலைமை அவர்தான். அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் பேர் புத்துயிர் மேடம். எங்கள் வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். கீழே என் இஸ்திரிக் கடையும் எங்கள் இரண்டு அறையும், பக்கத்தில் தையல்காரம்மா, மாடியில் வாத்தியார். அவ்வளவுதான் கட்டடம்.

"உங்க வீடு பழசுதாம்மா. ஆனா பழசு மாதிரி தெரியலையே" என்றார்.

"சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கேங்க" என்றேன் பெருமையாக.

"அதான் தப்பு. இதை இடிச்சிட்டு, பழசு மாதிரியே புதுசா ஒண்ணு கட்டப் போறோம்."

எனக்குத் தலை சுற்றியது. எங்களுக்கு ஊருக்கு வெளியே வேறு இடம் தருவார்களாம். அங்கே யார் சட்டையை நான் தேய்ப்பது? இந்தத் தெருவின் சட்டைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. எந்தக் காலர் எப்போது கிழியும் என்று போட்டிருப்பவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். புருஷனுடைய சம்பளம் வீட்டைப் பாதிதான் ஓட்டும், மீதியை ஓட்டுவது என் இஸ்திரிப் பெட்டி. அதற்கும் மேலே, இது என் வீடு. ஆட்டோ வராத காலத்திலிருந்து நான் பெருக்கின வாசல்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கரடியாய்க் கத்தினேன். வீட்டுக்காரர் கடைசி வாய் சாப்பிட்டுவிட்டு, "வேலிக்கு உள்ள இருந்தா ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொட முடியாது. நாம வெளிய இருக்கோம். என்ன செய்ய?" என்று சொல்லிக் கை கழுவப் போனார். சாப்பிட வந்திருந்த என் தம்பியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் வீட்டுக்காரர் புதுச் சீருடைக்கு அளவு கொடுக்கத் தலைமை அலுவலகம் போனார். அவர் தலை மறைந்ததும் வேலையை ஆரம்பித்தோம். தையல்காரம்மா பழைய திரைச்சீலையில் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மேல்சட்டை தைத்திருந்தார். ஆரஞ்சு மேல்சட்டை போட்டவனை உலகத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. பட்டப்பகலில், நடுத்தெருவில், சரித்திரப் புகழ் பெற்ற வேலியைத் தம்பி போல்ட்டுப் போல்ட்டாகக் கழற்றினான். போகிறவர் வருகிறவர் எல்லாம், "இன்னும் எத்தனை நாளு இழுப்பீங்க?" என்று திட்டிவிட்டுப் போனார்கள். ஒரு போலீஸ்காரர் வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் எங்களுக்காக வண்டிகளை நிறுத்தி வழி விட்டுவிட்டு, டீ குடிக்கப் போனார்.

எங்கள் கட்டடத்தைச் சுற்றி வேலியை வளைத்தபோது நீளம் பற்றவில்லை. பின்மூலையிலிருந்து கொஞ்சம் கழற்றிக்கொண்டு வந்தோம். அந்த இடத்தில் வேலியை உள்ளே தள்ளிக் குறுக்காக ஓட்டினான் தம்பி.

"அக்கா, மாமாவோட மரம் வெளிய போகுதே."

"மரம் எங்கடா ஓடிடப் போகுது? முதல்ல வீட்டைப் பாரு."

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். வேலியைப் பார்த்தார். வேலி நெடுக ஒரு சுற்று நடந்தார். பின்மூலையில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து தகட்டைப் படித்தார். அப்புறம் வீட்டு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"நாளைக்கு மேடம்கிட்ட சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லுங்க. வீடு போகட்டும். நான் குதிரைக்குக் கீழ படுத்துக்கறேன்."

மணியைப் பார்த்தார். ஆறு. விசிலை எடுத்து ஊதினார். அதுதான் முதலில் சொன்னேனே, பார்வையாளர், அந்தக் கதை. அன்றைக்குக் கட்டடமே திரண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. வாத்தியார் முழங்கால் வலியோடு இறங்கி வந்து, வீடு இருந்தும் வீதியில் நின்ற மன்னர்கள் சரித்திரத்தில் உண்டு என்று ஆறுதல் சொன்னார். தையல்காரம்மா அவரை அடிக்காமல் விட்டது பெரிது.

காலையில் புத்துயிர் மேடம் வந்தார். வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார்.

"மேடம், வேலி நகர்ந்திருக்கு."

"எந்த வேலி?"

"இந்த வேலிதான் மேடம். நேத்து அங்க இருந்துச்சு. இன்னிக்கு இங்க இருக்கு."

மேடம் தகட்டைத் தட்டிக் காட்டினார். "இதுல என்ன போட்டிருக்கு? நகர்த்த முடியாததுன்னு போட்டிருக்கு. நானே சொல்லிப் போட்ட தகடு இது. நகர்த்த முடியாத வேலி எப்படிங்க நகரும்?"

"ஆனா மேடம், இந்த வீடு..."

"வீடு உள்ள இருந்திருக்கு. நாமதான் கவனிக்காம விட்டுட்டோம். நல்ல வேளை, இடிக்கல! பூங்காவுக்குள்ள இருக்கிற வீட்டை இடிச்சிருந்தா என் வேலை போயிருக்கும்." என்னைப் பார்த்து, "சொல்ல மாட்டீங்களாம்மா?" என்று கோபித்துக்கொண்டார்.

வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லாத மனுஷர் உண்மையைச் சொல்லி யாரும் காதில் வாங்காமல் நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அதை மறைப்பானேன்?

வீடு பிழைத்தது. ஆனால் வீட்டில் மனுஷன் இருக்க முடியவில்லை. பூங்காவில் இருக்கும் எந்த இருக்கையிலும் பொதுமக்கள் உட்காரலாம் என்று பலகையில் ஒரு விதி. யார் யாரோ வந்து என் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டார்கள். ஒரு ஜோடி அதில் உட்கார்ந்து சண்டை போட்டுப் பிரிந்தே போனது. கண்ணாடி போட்ட ஒருவர் என் இஸ்திரிப் பெட்டியைக் குனிந்து பார்த்து, "இது எந்தக் காலத்துது?" என்றார். "தொட்டுப் பாருங்க, தெரியும்" என்றேன். தொட்டார். தெரிந்துகொண்டார்.

ஆறு மணிப் பிரச்சினைக்கு வழி கண்டுபிடித்தது வாத்தியாரின் முழங்கால். ஒருநாள் விசில் ஊதியபோது அவரால் மாடியிலிருந்து இறங்க முடியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு கையைத் தூக்கி, தாடையை நிமிர்த்தி, அப்படியே அசையாமல் நின்றுவிட்டார். வீட்டுக்காரர் மாடிக்குப் போனார். இன்னொரு தடவை ஊதினார். வாத்தியார் கண் சிமிட்டவில்லை. வீட்டுக்காரர் யோசித்தார். ஆறு மணிக்குமேல் சிலைகளை வெளியேற்றச் சொல்லி எந்த விதியும் இல்லை. துணியை எடுத்தார். வாத்தியாரின் வழுக்கையை மெதுவாகத் துடைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாளிலிருந்து விசில் சத்தம் கேட்டதும் கட்டடம் முழுக்கச் சிலைதான். தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்தபடி நிற்பார். நான் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி நிற்பேன். வீட்டுக்காரர் சுற்றி வந்து எல்லோரையும் தூசி தட்டிவிட்டு, வெளியே போய் வாசலைப் பூட்டிக்கொண்டு, தன் இரும்பு ஸ்டூலில் உட்காருவார். வீடு உள்ளே வந்ததிலிருந்து, காவலாளி ராத்திரி முழுக்கத் தன் ஸ்டூலில் இருக்க வேண்டும் என்பது அவருக்குப் புது விதி. அவர் பூட்டிய பிறகு உள்ளே சிலைகள் சமைத்தன, சாப்பிட்டன, படுத்துத் தூங்கின. அதை யாரும் பார்க்கவில்லை, பார்க்காததற்கு விதி கிடையாது.

ஒரு தடவை மேடமே ஆறு மணி தாண்டி நின்றுவிட்டார். வாத்தியாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தத்ரூபமா இருக்கே! மூக்கை மட்டும் கொஞ்சம் பெருசா வச்சுட்டாங்க" என்றார்.

வாத்தியார் அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் என் தோளைத் தூசி தட்டும்போது வீட்டுக்காரர் மெதுவாக, "மத்தியானம் சாப்பாட்டுல உப்பு தூக்கல்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அசைந்தால் நான் பார்வையாளர். அசையவில்லை. மறுநாள், "பச்சைப் புடவை உனக்கு நல்லா இருக்கு" என்றார். அதற்கடுத்த நாள், தன் அப்பா செத்தபோது அழாததைச் சொன்னார். குதிரையிடம் பேசுவதை எல்லாம் என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார்! கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கின பேச்சு. இப்போது வருகிறது, என்னால் "ம்" கொட்ட முடியவில்லை. பகலில் கேட்டால் பழையபடி, "ஒண்ணுமில்ல." சிலையிடம்தான் பேசுவார். சாயங்காலம் ஆக ஆக எனக்குக் காது துடிக்கும். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு சிலையாக நிற்பேன். தையல்காரம்மா தன் இடத்திலிருந்து அசையாமலே சிரிப்பார்.

அப்புறம்தான் அந்தச் சிவப்பு வண்ணத்தைப் பார்த்தேன். பின்மூலை மரத்தின் அடியில் பெரிதாக ஒரு குறி. வெளியே இருப்பதெல்லாம் தெரு, தெருவில் மரம் எதற்கு, வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டாமா என்று மேடம் சொல்லிவிட்டாராம். அதே நாள் மத்தியானம் இன்னொன்றும் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு வாசலைத் தாண்டிப் போனார். பூங்காத் தண்ணீரை வெளியே கொண்டுபோகக் கூடாது. பலகையில் ஐந்தாவது வரி, வருஷா வருஷம் அவரே வண்ணம் பூசுகிற வரி. திருடன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போய் மரத்துக்கு ஊற்றிவிட்டு, வாளியைச் சட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். மறையுமா வாளி?

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல."

அன்று ஆறு மணிக்கு விசில் ஈனமாகக் கேட்டது. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வந்தார். துணியால் என் தோளைத் தட்டினார். தட்டின இடத்தையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மரத்தை வெட்டறாங்க" என்றார்.

நான் சிலை.

"மரம் வேலிக்கு வெளிய இருக்கு. எனக்கு அதிகாரம் இல்ல. என் பொண்டாட்டிகிட்ட சொல்லலாம். ஆனா சொன்னா அவ என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். வாயிலதான் கத்துவா. உடனே தம்பியைக் கூப்பிட்டு வேலியைப் பழைய இடத்துலயே வைக்கச் சொல்லிடுவா. அப்புறம் அவளுக்கு வீடு இருக்காது." துணியை உதறினார். "மரம் போனா நான் தாங்கிப்பேன். அவ வீடு இல்லாம நின்னா என்னால தாங்க முடியாது. அதனால உன்கிட்ட சொல்றேன். நீ யார்கிட்டயும் சொல்ல மாட்ட."

அடப் பாவி மனுஷா! இத்தனை வருஷம் இதை எங்கே வைத்திருந்தாய்? கத்த வேண்டும் போல் இருந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. நான் கல்லாக நின்றேன், கண்ணிலிருந்து மட்டும் கொட்டியது. அதை அவர் பார்த்தார். துணியின் சுத்தமான முனையைத் தேடி எடுத்து என் கன்னத்தைத் துடைத்தார்.

"மழை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெளியே போய்ப் பூட்டினார்.

விடிந்து வாசல் திறந்ததும் தம்பியை இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"வேலியைத் திருப்பி வச்சா மரம் பிழைக்கும் அக்கா. வீடு போயிடும்."

"ரெண்டும் உள்ள இருக்கணும்டா."

"அதுக்கு இரும்பு வேணுமே. எங்க போறது?"

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கட்டில் இரும்பு. ஜன்னல் கம்பி இரும்பு. இஸ்திரி மேசைக் கால் இரும்பு. இத்தனை இரும்பை வைத்துக்கொண்டு இரும்புக்கு அழுகிறானே!

"கழற்று" என்றேன்.

மறுபடி ஆரஞ்சு மேல்சட்டைகளை மாட்டினோம். வீட்டுக்காரரைச் சர்க்கரை வாங்க அனுப்பினேன். வீட்டில் சர்க்கரை இருந்தது. எங்கள் கட்டில், வாத்தியார் கட்டில், எல்லா ஜன்னல் கம்பிகளும் போயின. வாத்தியார் கரும்பலகை மாட்டுகிற இரும்புச் சட்டத்தைக் கொடுத்தார். தையல்காரம்மா மிஷினின் அடிப்பாகத்தை, மிதிக்கிற பலகையோடு சேர்த்துக் கொண்டுவந்து போட்டார். "மேல்பாகம் இருக்குல்ல, கையால சுத்தித் தச்சுக்கறேன்" என்றார். அந்தம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. தம்பி ஒவ்வொன்றாக வேலியோடு பற்ற வைத்து மரத்தைச் சுற்றி வளைத்தான். கடைசியில் ஒரு சின்ன இடைவெளி மிஞ்சியது, ஒரு நாய் நுழையும் அளவுக்கு.

"வேற இரும்பு ஒண்ணும் இல்லையே அக்கா."

வாசலுக்கு வெளியே வீட்டுக்காரரின் ஸ்டூல் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

"இதையா? மாமா கொன்னுடுவாரு."

"வை. உட்கார்ற பக்கம் உள்ள பார்த்து இருக்கட்டும்."

தம்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் பற்ற வைத்தான். இரும்பு ஆறுவதற்குள் புத்துயிர் மேடம் வந்துவிட்டார், பின்னால் ரம்பத்தோடு இரண்டு பேர். அதே நேரம் சர்க்கரைப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்காரரும் வந்தார். மேடம் வேலியைப் பார்த்தார். கட்டில் தலைமாட்டைப் பார்த்தார். தையல் மிஷின் காலைப் பார்த்தார்.

"காவலாளி, இங்க வாங்க. வேலி நகர்ந்திருக்கா?"

வீட்டுக்காரர் வேலியைப் பார்த்தார். அவர் படுத்துத் தூங்கின கட்டில், அவர் ஜன்னல், அவர் ஸ்டூல். அப்புறம் மரத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்க்கவில்லை. விட்டமும் அங்கே இல்லை. அவர் கண்ணையே பார்த்தேன். அவர் கை விசிலுக்குப் போனது, அதைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

"இல்ல மேடம்" என்றார். "எப்பவும் இங்கதான் இருந்துச்சு."

"அன்னிக்கே நான் சொன்னேன்ல? நீங்கதான் நகருது நகருதுன்னீங்க." மேடம் மிஷின் காலைத் தடவிப் பார்த்தார். மிதிபலகை கிரீச்சென்று ஆடியது. "அந்தக் காலத்து வேலைப்பாடே தனி. இப்ப யாரு இப்படிச் செய்யறா?" பிறகு ரம்பக்காரர்கள் பக்கம் திரும்பி, "பூங்காவுக்குள்ள இருக்கிற மரத்துல எவன்யா பெயிண்ட் அடிச்சது? அழிங்க முதல்ல!" என்று ஒரு பாட்டம் திட்டினார்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் என்னிடம் சர்க்கரையைக் கொடுத்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "ஈரமாகாம வை" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

சாயங்காலம் விசில் ஊதியது. எல்லோரும் சிலையானோம். கட்டில் இல்லை, ஜன்னலில் கம்பி இல்லை. காற்று வீட்டுக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மேசைக்குக் கால் இல்லாததால் இஸ்திரிப் பெட்டியைக் கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மாடிக்குப் போய் வந்தார், தையல்காரம்மாவைத் தட்டினார், கடைசியில் என்னிடம் வந்தார்.

"என் ஸ்டூலைக் காணோம்" என்றார்.

நான் சிலை.

"வேலியில இருக்கு. உட்கார்ற பக்கம் உள்ள பார்த்து இருக்கு. யாரு வேலைன்னு எனக்குத் தெரியும்." தட்டுவதை நிறுத்தினார். "விதிப்படி நான் அந்த ஸ்டூல்லதான் உட்காரணும்."

வாசல் பக்கம் போனார். பூட்டுகிற சத்தம் கேட்டது. ஆனால் காலடி உள்ளே திரும்பி வந்தது. கம்பி வழியாகக் கையை விட்டு உள்ளேயிருந்தே பூட்டியிருந்தார். என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். பெட்டி பிடிக்காத என் கையை விரித்து, தூசி தட்டுகிற துணியை அதில் வைத்து மூடினார். பிறகு புல்லைச் சுற்றிக்கொண்டு, பின்மூலை மரத்தடிக்குப் போனார்.

பெட்டியைக் கீழே வைத்தேன். நடந்தேன். புல்லிலேயே குறுக்கே நடந்தேன். மரத்தடியில் வேலியோடு ஒட்டின ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார், முதுகு நிமிர்ந்து, விசில் பாதி வழியில் உயர்ந்து, கண் சிமிட்டாமல். ஆறு மணிக்குமேல் உள்ளே யாரும் இருக்கக் கூடாது, காவலாளியும்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. துணியை உதறி அவர் தோளைத் தட்டினேன்.

"இன்னிக்குப் பொய் சொன்னீங்க" என்றேன்.

அவர் சிலை.

"பொய் சொல்ல இத்தனை வருஷமா? உப்பு தூக்கல்னா அன்னிக்கே எங்கிட்ட சொல்றதுக்கென்ன? பச்சைப் புடவை நல்லா இருக்குன்னு கடையில வச்சே சொன்னா வாய் முத்தா உதிர்ந்துடும்? வாளி வாளியா மரத்துக்குத் தூக்கினீங்களே, ஒருநாளாவது எனக்கு ஒரு குடம்..." நான் நிறுத்தவில்லை. எனக்கும் இத்தனை வருஷம் சேர்ந்து கிடந்தது. அவரால் எழுந்து போக முடியாது, "ஒண்ணுமில்ல" என்று சொல்ல முடியாது. திட்டித் தீர்த்தேன். திட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போன பிறகு, வீடு போனாலும் பரவாயில்லை என்று நேற்று நானும் நினைத்தேன் என்பதைச் சொன்னேன்.

அவர் அசையவே இல்லை. நல்ல சிலை. கண்ணிலிருந்து மட்டும் வழிந்தது. துணியில் சுத்தமான முனையைத் தேடி எடுத்துக் கன்னத்தைத் துடைத்தேன்.

"மழை" என்றேன்.